ஏத்து மெக்கானிக்கின் சொந்த வண்டி

என் தம்பியை இந்தப் பக்கத்தில் எல்லாரும் ஏத்து மெக்கானிக் என்றுதான் சொல்வார்கள். வண்டியை ஏத்துவது என்றால் அவன் பாஷையில் எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டனாகப் போட்டு, மேல் மூடியை லேத்தில் கொடுத்துச் சீவி, கம்பெனிக்காரன் கொடுத்ததைவிட அதிக இழுவையோடு ஓட வைப்பது. வண்டியை மட்டுமா ஏத்துவான்? வருகிற ஆளையும் சேர்த்து ஏத்திவிட்டுத்தான் அனுப்புவான். செயினை இறுக்க வந்தவன் எஞ்சினையே கழற்றிக் கொடுத்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போவான். அப்படி ஒரு வாய் அவனுக்கு.

நான் அவனுக்கு அக்கா. என் வீட்டுக்காரர் போன பிறகு, கையில் ஒரு பெண் குழந்தையோடு இங்கே வந்து சேர்ந்தவள். வீட்டை ஒட்டினாற்போல் தகரக் கூரை போட்ட ஷெட். என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவன் ஸ்பேனர்கள் தொங்கும் பலகைதான் தெரியும். அடுப்பில் எதை வைத்தாலும் வீட்டில் அடிப்பது பெட்ரோல் வாசனை. ஜன்னலை மூடினால் எனக்கு மூச்சு முட்டும், திறந்தால் அவன் பேச்சைக் கேட்கவேண்டும். பெரும்பாலும் திறந்துதான் வைத்திருந்தேன்.

அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துவைக்க நான் படாத பாடில்லை. ஒரு வீட்டில் பெண் கேட்கப் போயிருந்தபோது, பெண்ணின் அப்பா வண்டியில் வெளியே கிளம்பினார். இவன் உடனே எழுந்து, "சார், நிறுத்துங்க, உங்க எஞ்சின் அழுவுது" என்று வாசலுக்கு ஓடி, போட்டிருந்த நல்ல சட்டையோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்த மனுஷன் வண்டியைச் சரிபண்ணிக்கொண்டார், பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டு அந்த முயற்சியைக் கைகழுவினேன்.

அதற்குப் பதிலாக என் மகள் கிடைத்தாள் அவனுக்கு. அவளுக்குப் பின்னல் போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியது நான் இல்லை, அவன்தான். சோப்புத் தூளும் மண்ணும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவிவிட்டு வருவான். அப்படியும் அவள் ரிப்பனில் கறுப்பு விரல் தடம் இருக்கும். "ஏண்டி, உன் தலை என்ன கிரீஸ் டப்பாவா?" என்று தோழிகள் கேலி செய்வார்களாம். அவள் அதைச் சொல்லிச் சிரிப்பாள், ரிப்பனை மாற்ற மாட்டாள். என்னிடம் ஒரு பொய் சொன்னாலும் சொல்வாள், மாமாவிடம் சொல்ல மாட்டாள். எனக்கு அதில் உள்ளுக்குள் பொறாமைகூட உண்டு.

இனி அவனுடைய சொந்த வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும், வந்த வினையெல்லாம் அதனால்தான். வாலிபத்தில் வாங்கி, வாங்கிய சூட்டோடு ஏத்திய வண்டி. ஷெட்டுக்கு வருகிற எல்லாரும் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வந்து நிற்பார்கள்: "ஏத்தினா எஞ்சின் லைஃப் போயிடுமாண்ணே?" அதற்கென்றே காத்திருந்தவன்போல இவன் எழுந்து போய்த் தன் வண்டியின் டேங்கைத் தட்டுவான்.

"இதைப் பாருங்க. நான் ஏத்தினப்போ உங்களுக்கு மீசையே முளைச்சிருக்காது. இன்னைக்கும் ஒரே உதைதான். கம்பெனிக்காரன் பயந்துக்கிட்டு கம்மியா குடுக்கறான், நான் மிச்சத்தை எடுத்துக் குடுக்கறேன். ஒழுங்கா பண்ணினா எஞ்சின் கெடவே கெடாது."

சொல்லிவிட்டு ஒரே உதையில் ஸ்டார்ட் பண்ணுவான். ஷெட்டே அதிரும். வந்தவன் முகம் மலர்ந்துவிடும், அதோடு அவன் கதை முடிந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் எங்கள் வீட்டில் பேனா நிற்பது பழைய பிஸ்டனில். பல் துலக்கும் பிரஷ் நிற்பது இன்னொரு பிஸ்டனில். ஜன்னல் கதவு காற்றில் அடிக்காமல் அணை கொடுத்திருப்பதும் பிஸ்டன்தான். எல்லாம் அந்தக் கெடவே கெடாத வண்டியிலிருந்து வந்தவை.

"கெடாத எஞ்சினுக்கு எதுக்குடா இத்தனை பிஸ்டன்?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அது கெட்டதில்லக்கா. தேய்ஞ்சது."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்படி ஒண்ணாகும்? செருப்பு தேயும். அதுக்காக செருப்பு கெட்டுப்போச்சுன்னா சொல்லுவ? தேய்மானம் வேற, கோளாறு வேற."

இதில் அவன் யாரையும் ஏமாற்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மனதார நம்பினான். அவன் கணக்கில் நடுரோட்டில் நின்றால்தான் அது கெட்டது. ஷெட்டுக்குள் கழற்றி மாட்டியதெல்லாம் எதிலும் சேராது.

மகளுக்குக் கல்யாணமாகி, மலையடிவாரத்தில் வேறு ஊருக்குப் போனாள். மாப்பிள்ளைக்கு செல்ஃபோன் டவர்களைப் பராமரிக்கிற வேலை. மலைமேல் இருக்கிற டவர் நின்றுபோனால் போன் வரும், பின்சீட்டில் கனமான பேட்டரியையோ டீசல் கேனையோ கட்டிக்கொண்டு ஏறவேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு டவர்மேலும் ஏறவேண்டும். ரொம்ப நிதானமான பிள்ளை. சுவரில் ஆணி அடிப்பதற்கு முன்னால் பென்சிலால் புள்ளி வைக்கிற ரகம். வண்டியோடு கம்பெனி கொடுத்த சின்னப் புத்தகத்தை அவர் ஒருவர்தான் முழுக்கப் படித்திருப்பார் என்று என் தம்பி கிண்டல் பண்ணுவான். அதில் எப்போது சர்வீஸ் என்று போட்டிருக்கிறதோ அப்போது வண்டி சர்வீஸில் நிற்கும்.

அவரிடம் இருந்தது சின்ன வண்டி. சுமையோடு மலையேற முடியாமல் பாதி வழியில் திணறியது. டவர் நின்றால் நேரத்துக்குப் போகவில்லை என்று மேலிடத்தில் ஏச்சு. அடுத்த தடவை தாமதமானால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது என் மகள்தான் அவரை இங்கே இழுத்துக்கொண்டு வந்தாள்.

மாப்பிள்ளை ஷெட்டில் நின்று தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "மாமா, ஏத்தினா லைஃப் குறையும்னு சொல்றாங்களே. எனக்கு வேகம் வேண்டாம். நடுவழியில நிக்காம இருந்தா போதும்."

என் தம்பி டேங்கைத் தட்ட எழுந்தான். அதற்குள் என் மகள் முந்திக்கொண்டாள்.

"அட, நீங்க வேற. மாமா வண்டியை நான் சின்ன வயசுலேருந்து பாக்கறேன். ஒருநாள்கூட நின்னதில்ல. மாமா கை வச்சா கெடாது. குடுங்க சாவிய."

நான் ஜன்னலிலிருந்து கத்தினேன். "மாப்பிள்ளை, வேண்டாம். இவன் பேச்சை நம்பாதீங்க. இந்த வீட்ல எத்தனை பிஸ்டன் கிடக்குன்னு வந்து பாருங்க."

"அக்கா, நீ அடுப்பைப் பாரு" என்றான் தம்பி. எல்லாரும் சிரித்தார்கள். நான் எதற்கெடுத்தாலும் கத்துகிறவள் என்பதால் என் கத்தலுக்கு அந்த வீட்டில் மதிப்புக் குறைவு. மாப்பிள்ளை சாவியைக் கொடுத்துவிட்டார்.

அந்த எஞ்சினுக்கு அவன் உழைத்ததுபோல வேறு எதற்கும் உழைத்து நான் பார்த்ததில்லை. வேறு வேலை எதையும் தொடவில்லை. பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தான். முடித்த பிறகு மாப்பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து, மடியில் பழைய பேட்டரியையும் கொடுத்து, மேட்டில் ஏற்றி இறக்கிக் காட்டினான். மாப்பிள்ளை இறங்கும்போது முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "மாமா, மேடுன்னே தெரியல" என்றார். முதல் கொஞ்ச நாளைக்கு மெதுவாக ஓட்டவேண்டும், சூடேறினால் நிறுத்தி ஆறவைக்கவேண்டும் என்று என்னென்னவோ சொல்லித்தான் அனுப்பினான். மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டார். அவர் தலையாட்டினால் செய்வார்.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. மேலிடத்தில் ஏச்சு நின்று பாராட்டு வந்தது. என் மகள் போனில் பேசும்போதெல்லாம், "மாமாகிட்ட சொல்லுமா, வண்டி பறக்குதுன்னு" என்பாள். இவன் காதில் விழாததுபோல் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருப்பான். அன்றைக்கெல்லாம் சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் கேட்க மாட்டான்.

பிறகு ஒரு காலையில் போன் வந்தது. பேட்டரியைக் கட்டிக்கொண்டு மலையேறும்போது, வளைவில், எஞ்சின் ஓட்டத்திலேயே பிஸ்டன் உள்ளே பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டதில் மாப்பிள்ளை தூக்கி எறியப்பட்டார். பின்னாலேயே வண்டியும் பேட்டரியும் அவர் முழங்கால்மேல் வந்து விழுந்தன. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் முழங்காலுக்குள் தகடு வைத்து, இனி இது மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். மடங்காத காலோடு டவர் ஏற முடியுமா? வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். என் மகள் ஒரு துணிக்கடையில் நிற்கப் போனாள்.

வண்டியை என் தம்பி சரக்கு ஆட்டோவில் போட்டு ஷெட்டுக்குக் கொண்டுவந்தான். முதல் வேலையாக அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றி எண்ணெயை ஒரு தட்டில் வடித்தான். வடிய என்ன இருந்தது? தார் மாதிரி ஒரு கரண்டி இருந்திருக்கும். அவன் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஆயிலே இல்லக்கா" என்றான் உள்ளே வந்து.

"மாப்பிள்ளை பாக்காம விட்டுட்டாரா? அவரா?"

"அவர் புஸ்தகத்துல போட்டிருக்கிறபடி கரெக்டா மாத்தியிருக்காரு. அடுத்த சர்வீஸுக்கு இன்னும் நாள் இருக்கு. எங்க போச்சுன்னு தெரியலையே."

அன்றைக்கு அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. மறுநாள் காலையில் தெரிந்தது, அது தெரிந்த நிமிஷத்தை நான் ஜன்னலில் நின்று கண்ணால் பார்த்தேன். வழக்கம்போல் ஷெட்டைத் திறந்தான். வழக்கம்போல் தன் வண்டியிடம் போய், எண்ணெய் அளக்கிற குச்சியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தான். நீள மூக்கு வைத்த கேனை எடுத்துக் கொஞ்சம் ஊற்றினான். ஊற்றிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது. எண்ணெய் எஞ்சின்மேல் வழிந்து தரையில் சொட்டியது, அவன் கேனை நிமிர்த்தவே இல்லை.

நானும் எத்தனையோ வருஷமாகப் பார்க்கிற காட்சிதான் அது. செடிக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி ஏதோ செய்கிறான் என்றுதான் நினைத்திருக்கிறேன். ஏத்திய எஞ்சின் சூட்டில் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும். அவன் அதற்குக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். லேசாகச் சத்தம் மாறினால் அன்றே பிரித்து பிஸ்டனைச் சுற்றியிருக்கிற வளையத்தை மாற்றியிருக்கிறான். அந்த வண்டி இத்தனை காலம் நிற்காமல் ஓடியது, ஒவ்வொரு ராத்திரியும் ஒரு மெக்கானிக்கின் பக்கத்தில் நின்றதால். மாப்பிள்ளையின் வண்டி நின்றது ஒரு டவர்க்காரர் வீட்டு வாசலில். அவர் கையில் இருந்த புத்தகமோ, இவன் கை வைப்பதற்கு முன்னால் இருந்த எஞ்சினுக்காக எழுதியது. எண்ணெய் ஊற்றவேண்டும் என்று இவன் அவரிடம் சொல்லவில்லை. பல் துலக்கவேண்டும் என்று யாராவது யாரிடமாவது சொல்லி அனுப்புவார்களா? அந்த மாதிரி விட்டுவிட்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "படுபாவி, தேய்மானம் தேய்மானம்னு பேசிப் பேசி என் பொண்ணு வாழ்க்கையையே தேச்சுட்டியேடா" என்று கத்தினேன். அவன் தரையில் சிந்திய எண்ணெயைத் துணியால் துடைத்தான். அவன் பேசியிருந்தால் இன்னும் கொஞ்சம் கத்தியிருப்பேன்.

வண்டியில் எண்ணெய் இல்லை என்ற சேதி மட்டும் மகளுக்குப் போனில் போயிருந்தது. பிறகு இருவரும் அவள் வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளை ஜன்னலோரம் நாற்காலியில், காலை ஸ்டூல்மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். சின்ன வீடு, அந்தக் காலைத் தாண்டாமல் யாரும் அடுத்த அறைக்குப் போக முடியாது. மகள் கடையிலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வந்ததும் ஆரம்பித்தாள்.

"ஒரு குச்சியை உருவிப் பாக்கறதுக்கு என்ன கேடு வந்துச்சு இவருக்கு? மாமா எவ்வளவு ஆசையா பண்ணிக் குடுத்தாரு. அதைப் பாழாக்கிட்டு வந்து உக்காந்திருக்காரு. கேளுங்க மாமா, நீங்களே கேளுங்க."

"தப்புதான். நான்தான் பாத்திருக்கணும்" என்றார் மாப்பிள்ளை. எத்தனையோ தடவை சொல்லிப் பழகிய குரல் அது. அவள் திட்டிக்கொண்டே அவர் காலுக்குக் கீழே தலையணையைச் சரிசெய்தாள், திட்டிக்கொண்டே மாத்திரையைப் பிரித்துக் கையில் வைத்தாள், பக்கத்திலேயே உட்கார்ந்து தண்ணீரையும் கொடுத்து மறுபடி திட்டினாள்.

என் தம்பி எழுந்து நின்றான். வழியெல்லாம் இவன் பேசாமல் வந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டான்.

"பாப்பா, அவரைத் திட்டாதே. அவர் மேல தப்பில்ல."

"நீங்க சும்மா இருங்க மாமா. உங்களுக்கு எல்லாரும் நல்லவங்க."

"ஏத்தின எஞ்சின் ஆயில் குடிக்கும், பாப்பா. பாத்துப் பாத்து ஊத்தணும். நான் அதை அவருகிட்ட சொல்லவே இல்ல."

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "மறந்துட்டீங்களா?"

"மறந்திருந்தா பரவாயில்ல. அது ஒரு வேலைன்னே எனக்குத் தோணல. கை தானா போகும், ஊத்திட்டு வரும்."

"உங்க வண்டி ஒருநாளும் கெட்டதே இல்லையே, மாமா?"

"தினமும் கெட்டுக்கிட்டுத்தான் இருந்தது. நான் தினமும் பக்கத்துல இருந்தேன்."

இருபத்தைந்து வருஷமாக ஷெட்டில் வருகிறவன் போகிறவன் கேட்ட கேள்விக்கு அவன் சொன்ன முதல் சரியான பதில் அதுதான். கேட்டுக்கொண்டிருந்தது என் மகள்.

அவள் கத்துவாள் என்று பார்த்தேன். மாமாவை அடிப்பாள் என்றுகூட நினைத்தேன், அடித்திருந்தால் நல்லதுதான். அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். "நீங்க வேண்டாம்னுதானே சொன்னீங்க" என்றாள், மெதுவாக. "நான்தானே சாவியைக் குடுக்க வச்சேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, விடு" என்றார் அவர்.

அவள் எழுந்து, அவர் காலைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

இப்போது என் தம்பி எஞ்சினை ஏத்துவதில்லை. பஞ்சர், பிரேக், செயின், அவ்வளவுதான். பழைய பெயரைக் கேட்டு இன்னும் ஆட்கள் வருகிறார்கள். போன வாரம்கூட ஒருவன் வந்து கேட்டான், ஏத்தினால் லைஃப் போயிடுமா என்று. "போகும்" என்றான் இவன். "என்னண்ணே, உங்க வண்டியே இத்தனை வருஷமா ஓடுதே, எங்ககிட்டயே கதை விடறீங்களா?" என்று அவன் சிரித்துவிட்டு, தெருமுனையில் புதிதாகத் திறந்திருக்கிற கடைக்குப் போனான். கொஞ்ச நாளில் அந்த வண்டி பெரிய சத்தத்தோடு எங்கள் வாசல் வழியாகப் போனது. தம்பி நிமிர்ந்து பார்க்கவில்லை.

மகள் இங்கே வருவதில்லை. என்மேல் கோபமா என்று கேட்டால், இருக்காது. அவனோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், அவ்வளவுதான். மாப்பிள்ளைதான் போன் பண்ணுகிறார். முதலில் கேட்பது, "மாமா சாப்பிடறாரா?" என்று. நல்ல மனுஷன்.

நேற்றும் பண்ணினார். "வீட்ல எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"இருக்கோம், அத்தை. வேளாவேளைக்கு எல்லாம் செய்யறா. திட்டறதுதான் இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாமா சொல்லாமலே இருந்திருக்கலாம், அத்தை. அப்பல்லாம் திட்டறதுக்காவது பக்கத்துல வந்து உக்காருவா."

"அவகிட்டக் குடுங்க மாப்பிள்ளை, ஒரு வார்த்தை பேசறேன்" என்றேன். போனில் பின்னால் குழாயைத் திறந்து பாத்திரம் தேய்க்கிற சத்தம் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு குழாய் நின்றது, பாத்திரச் சத்தமும் நின்றது.

"தூங்கறா, அத்தை" என்றார்.

சரி, எழுந்ததும் பேசச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.